கண்ணாடித் திருப்பல்: இல்லை

வந்தபோது நாலு ஜிபி.
இப்போது எண்ணூறைத் தாண்டி
இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது.
டிரெஸ்டனின் வடக்கு விளிம்பு,
பிப்ரவரி, சனி விடியாத மூன்று மணி.
யோர்டிஸ் நோவாக் ஷூவைக் கழற்றிவிட்டு
ஹீட்டர்மேல் பாதம் வைத்திருக்கிறாள்.

சதுரம் என்று வரைந்தால்
ஒளி அதை உருண்டையாக்கிவிடும்.
அதனால் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு காது.
கோட்டின் நுனி சுருங்கும், அங்கே சுத்தியல் தலை.
நேராக விழ வேண்டுமென்றால்
கோணலாகத்தான் கொடுக்க வேண்டும்;
எவ்வளவு கோணல் என்று கண்டுபிடிக்கத்தான்
கீழ்த்தளத்தில் இரண்டாயிரம் பிராசசர்கள் உறுமுகின்றன.

தனித்து நிற்கும் துளைகளின் அருகே
மெல்லிய பட்டைகள்.
கண்ணாடித் தட்டில் இருக்கும், சிலிக்கானில் விழாது.
பக்கத்துத் துளை கலங்காமல் பதிய
ஒளிக்கு ஒரு கை கொடுத்துவிட்டுக் காணாமல் போகும்.
அவர்கள் ஜெர்மனில் என்ன சொல்வார்களோ,
எனக்குச் சாரியை என்றுதான் வருகிறது:
மரத்தை என்பதன் நடுவில் ஓர் அத்து,
தனக்கென்று பொருள் இல்லாதது.
ஆனால் சாரியையாவது காதில் கேட்கும்.
இவை அதுவும் இல்லை.

பிறகு நறுக்கல்.
எழுதும் கருவிக்கு வளைவு தெரியாது,
செவ்வகமும் சரிவகமும் மட்டும்.
நறுக்க நறுக்கச் சிலாம்பு கிளம்பும்,
நேற்று ஒன்பதாயிரம்.
வெட்டுக்கோட்டை இரண்டு நானோமீட்டர் இடப்பக்கம் தள்ளினாள்,
நாற்பதாகக் குறைந்தது.
அந்த நாற்பதையும் பெயர் வைத்துத் திட்டுமளவுக்கு
இப்போது பழக்கம்.

கடைசியில் படிவம்.
அடுக்கு: தொடுதுளை.
களம்: இருள்.
சிறிதாக்கம்: நான்கில் ஒன்று.
கண்ணாடித் திருப்பல்: இல்லை.

இல்லையா?
இதே வாடிக்கையாளரின் முந்தைய பதினோரு ஆர்டரிலும்
ஆம்.

மூலையில் ஓர் எஃப் இருக்க வேண்டும்,
திரும்பியதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் எழுத்து.
(நம்முடைய ப உதவாது, கண்ணாடியிலும் அது ப.
ட என்றால் உடனே மாட்டிக்கொள்ளும்.)
இந்த அடுக்கில் எஃப் இல்லை.
அந்த இடத்தில் யாரோ
சோதனைக் கம்பிகளை நுழைத்திருக்கிறார்கள்.
மற்ற அடுக்குகள் அடுத்த வாரம்தான் வரும்.
மீதியெல்லாம் துளைகள்,
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் துளை.

ஃபால்க் சுத்த அறையிலிருந்து அழைத்தான்,
முகமூடிக்குள் குரல் ஈரமாக.
"தட்டு ஏத்தியாச்சு. கருவி சும்மா நிக்குது. எப்போ?"
"இன்னும் இல்ல."
"கையெழுத்து இருக்குல்ல?"
"இருக்கு."
"அப்புறம்?"
ஆறிப்போன உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை
அவள் மென்று முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

சான் ஹோசேயில் வெள்ளி மாலை ஆறேகால்.
குய்ரோகா எடுத்தபோது பின்னால் விசில்,
நீரை அறையும் சின்னக் கைகள்.
"கையெழுத்துப் போட்டதுதானே," என்றான்.
"போட்டது. பார்த்ததா?"
விசில்.
பிறகு கார் கதவு, லேப்டாப், கடவுச்சொல் இருமுறை தவறி,
நீச்சலில் கடைசியாக வந்த மகளை
"அப்பா வேலையா இருக்கேன்" என்று அனுப்பிவைத்து,
பத்து நிமிடம் மூச்சு மட்டும்.

"இதை நாங்களே திருப்பித்தான் அனுப்பியிருக்கோம்.
இல்லை என்பது சரி."
நன்றி என்றாள்.
அவனும் நன்றி என்றான், கொஞ்சம் நீளமாக.

ஆக, படிவம் பொய் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டு நிமிடம் கருவி வெறுமனே நின்றது.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
எஃப் இல்லை என்று தட்டினாள்.
அழித்தாள்.
அதையே மறுபடி தட்டினாள்.
திங்கட்கிழமை கேட்பார்கள்.
கேட்கட்டும்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு
எலெக்ட்ரான் கற்றை கீழ் இடது மூலையில் தொடங்கியது.
பதினான்கு மணி நேர வேலை.
துளைக்கும் காதுக்கும்
விழவே போகாத பட்டைகளுக்கும்
அதனிடம் ஒரே நிதானம்.

யோர்டிஸ் ஷூவைத் தேடினாள்.
ஒன்றுதான் மேசைக்கடியில் அகப்பட்டது.
இடதா வலதா என்று அந்த இருட்டில்
காலை விட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.